மிளகின் மணமும் மாத்தளை மண்ணும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுவீதி மாத்தளை நகரை அணுகுமிடத்தும், அதனைக் கடந்து நாலந்தையை நோக்கி இறங்குமிடத்தும், இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல அமைந்துள்ளன. கறுவாவும் கராம்பும், ஏலமும் சாதிக்காயும், கொக்கோவும் வெனிலாவும் ஒரே நிழலில் வளரும் அத்தோட்டங்களில், கிளிரிசீடியா மரத்தையோ பலாவையோ பற்றிப் படர்ந்து நிற்கும் மிளகுக் கொடியைக் காணாத பயணி எவருமிலர். வழிகாட்டி ஒருவர் அவர்களைத் தோட்டம் முழுவதும் அழைத்துச் சென்று, இறுதியில் ஒரு கொட்டகைக்குள் கொண்டு சேர்ப்பார். அங்கே தட்டுகளில் வரிசையாகக் குப்பிகள் இருக்கும். அவற்றுள் ஒன்று, கட்டைவிரல் அளவேயான, கருநிறக் கண்ணாடியாலான மிளகெண்ணெய்க் குப்பி.

அச்சிறு குப்பியைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளுக்கு அளவில்லை. மூட்டுவலி தீரும் என்பர். சளி அகலும் என்பர். புகைப் பழக்கம் விட்டுப்போகும் என்பர். உடலின் கொழுப்புக் கரையும் என்றுகூடச் சிலர் துணிந்து உரைப்பர். கேட்போரும் மிளகின்மீது தமக்குள்ள மரபு வழிப்பட்ட நம்பிக்கையினால் அவற்றை ஐயுறுவதில்லை. பத்து மிளகு கையிலிருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தோர், மிளகின் சாரமே இதுவென்று ஒரு குப்பியைக் காட்டும்போது எவ்வாறு ஐயுறுவர்? ஆயினும் அக்குப்பியினுள் இருப்பது மிளகின் சாரம் முழுவதும் அன்று. அஃது அதன் ஒரு கூறு மாத்திரமே. எந்தக் கூறு என்பதை அறிந்துகொண்டால், சொல்லப்படும் பெருமைகளுள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதும் தானே புலப்படும்.

மிளகுக்கு இரண்டு குணங்கள் உள்ளன. ஒன்று காரம், மற்றையது மணம். நாவில் பட்டவுடன் சுடுகின்ற காரத்துக்குக் காரணமான பொருள் பைப்பரின் எனப்படும். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதைக் கண்டறிந்து புகழ்பெற்ற டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆர்ஸ்டெட்டே 1819ஆம் ஆண்டில் இப்பொருளை மிளகிலிருந்து பிரித்தெடுத்தார் என்பதைப் பலர் அறியார். பைப்பரின் ஆவியாகிப் பறக்கும் இயல்புடையதன்று. மணத்தைத் தருவனவோ எளிதில் ஆவியாகும் பல பொருள்களின் கூட்டு. கரியோபிலீன், லிமோனீன், பைனீன், சபினீன் என்பன அவற்றுள் முக்கியமானவை. லிமோனீன் தோடம்பழத் தோலிலும் உண்டு; பைனீன் பைன் மரப் பிசினிலும் உண்டு; கரியோபிலீன் கராம்பிலும் உண்டு. புதிதாக இடித்த மிளகை முகர்ந்து பார்ப்பவர் அதனுள் ஓர் எலுமிச்சைச் சாயலையும் ஒரு மரவாசத்தையும் உணர்வது இதனாலேயே ஆகும்.

வாலையில் இட்டு வடிக்கும்போது நிகழ்வது யாது? உலர்ந்த மிளகை ஒன்றிரண்டாக உடைத்துக் கலத்தில் நிரப்பி, அதனூடே நீராவியைச் செலுத்துவர். நீராவி மிளகினுள்ளிருக்கும் மணப்பொருள்களை ஏந்திக்கொண்டு மேலெழும். குளிர்ந்த குழாயின் வழியே அது செல்லும்போது மீண்டும் நீராகி, ஏந்தி வந்த எண்ணெயையும் விட்டுவிடும். எண்ணெய் நீரினும் இலேசானது. ஆதலின் மேலே மிதக்கும். அதனைத் தனியே எடுத்தால் நிறமற்றதாகவோ மெல்லிய பச்சை சாயலுடையதாகவோ ஒரு தெளிந்த திரவம் கிடைக்கும். அதில் மிளகின் மணம் முழுவதும் உண்டு. காரமோ அறவே இல்லை. காரம், வடித்து முடித்த சக்கையிலேயே தங்கிவிடுகின்றது. அதனையும் பெற விரும்புவோர் கரைப்பான்களைக் கொண்டு மிளகைக் கரைத்தெடுத்து ஒலியோரெசின் என்னும் பிசின்சாறாக்குவர். உணவுத் தொழிற்சாலைகள் பெரிதும் வேண்டுவது அதனையே.

நம் வைத்தியர்கள் வழங்கும் மிளகுத் தைலத்துடன் இதனைக் குழப்பிக்கொள்வோர் பலர். தைலம் என்பது நல்லெண்ணெயில் மிளகையும் பிற சரக்குகளையும் இட்டுக் காய்ச்சி இறக்குவது. அதில் காரமும் ஓரளவு இறங்கியிருக்கும். தலையிலும் உடலிலும் தாராளமாகத் தேய்க்கலாம். வடித்தெடுத்த எண்ணெயோ பலமடங்கு செறிவுடையது. அதனை அவ்வாறு கைநிறைய ஊற்றித் தேய்ப்பது பெருந்தவறு. அவ்வாறே சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என முன்னோர் வழங்கியதும், இரசத்தில் மிளகைச் சேர்த்ததும், தடிமன் கண்டவர்க்குக் கொத்தமல்லியுடன் மிளகையும் அவித்துக் கொடுப்பதும் முழு மிளகைப் பயன்படுத்தும் முறைகள். அவற்றின் பயனை எடுத்துக்காட்டி வடித்த எண்ணெயை விற்பது, பாலின் குணத்தைச் சொல்லி மோரை விற்பதை ஒக்கும்.

இனி, நறுமண எண்ணெய்களைக் கொண்டு நோய் தணிக்கும் முறைக்கு வருவோம். மணப்பொருள்களை மருந்தாகக் கொள்ளுதல் மிகப் பழைய வழக்கமாயினும், அதற்கு ஒரு தனிப்பெயர் கிடைத்தது அண்மைக் காலத்தில்தான். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து வாசனைத் திரவிய வேதியியலாளரான கட்டபோசே என்பவர் 1910ஆம் ஆண்டில் தம் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த விபத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். அப்புண்ணுக்கு லவண்டர் எண்ணெயைப் பயன்படுத்திய அவர், அது தந்த பயனால் தூண்டப்பட்டு அத்துறையில் ஈடுபட்டு, 1937ஆம் ஆண்டில் அரோமாதெரபி என்னும் சொல்லையே தலைப்பாக்கி ஒரு நூலை வெளியிட்டார். அதன் பின்னர் அம்முறை உலகெங்கும் பரவியது. பரவிய வேகத்துக்கு ஏற்ப அதனைச் சோதித்து அறியும் முயற்சி வளரவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

மிளகெண்ணெயைப் பொறுத்தவரையில் சில நல்ல சோதனைகள் நிகழ்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியானது. இரவு முழுதும் புகைக்காமலிருந்த 48 பேர் அச்சோதனையில் பங்கேற்றனர். சிகரட்டைப் போன்ற சிறு குழல் ஒன்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. சிலருடைய குழலில் மிளகெண்ணெய், சிலருடையதில் புதினாச் சத்து, எஞ்சியோருடையதில் எதுவுமில்லை. மிளகெண்ணெயின் ஆவியை இழுத்தவர்களிடம் புகைக்கும் வேட்கை ஏனையோரைவிடக் குறைந்திருந்தது. புகைப்போர் தேடுவது நிக்கொட்டினை மட்டுமன்று, தொண்டையிலும் மார்பிலும் அப்புகை எழுப்பும் உணர்ச்சியையும்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இச்சோதனை சில மணி நேரம் நிகழ்ந்த ஒன்றேயாம். ஒருவர் அப்பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் விட்டொழிக்க மிளகெண்ணெய் உதவும் என்பதை அது காட்டவில்லை. காட்டியதாக அவ்வாய்வாளர்கள் சொல்லவுமில்லை. சொல்பவர் விற்பவரே.

இதனினும் மனத்தைத் தொடுவது 2006ஆம் ஆண்டில் யப்பானிலிருந்து வெளியான ஆய்வு. முதுமையினாலும் மூளை நோயினாலும் விழுங்கும் திறன் குன்றியோர்க்கு உணவே எமனாவதுண்டு. உணவுத் துணுக்கும் உமிழ்நீரும் வழிதவறி மூச்சுக்குழலில் இறங்கி, நுரையீரலில் அழற்சியை உண்டாக்கி உயிரைக் கொள்ளும். முதியோர் இல்லங்களில் வாழ்ந்த அத்தகைய 105 பேரை மூன்று பிரிவாக வகுத்து, ஒரு பிரிவினர்க்கு மிளகெண்ணெயையும், மற்றொரு பிரிவினர்க்கு லவண்டர் எண்ணெயையும், மூன்றாம் பிரிவினர்க்கு வெறும் வடிநீரையும், உணவு வேளைக்கு முன்னர் ஒரு நிமிடம் முகரச் செய்தனர். ஒரு மாத காலம் இது நிகழ்ந்தது. தொண்டையில் நீர் பட்டதும் விழுங்கும் செயல் தொடங்குவதற்கு ஆகும் நேரம், மிளகெண்ணெயை முகர்ந்தோரிடம் குறைந்தது. வடிநீரை முகர்ந்தோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. விழுங்குதலோடு தொடர்புடைய மூளைப் பகுதியிற் குருதியோட்டம் மிகுந்ததையும் ஆய்வாளர் கண்டனர். முகர்வதற்கு நோயாளியின் முயற்சி எதுவும் வேண்டியதில்லை. சொற்களை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இழந்தவருக்கும் மூச்சு உண்டு, மூக்கு உண்டு. இம்முறையின் அருமை அங்கேதான் இருக்கின்றது. உணவுக்கு முன் மிளகு மணத்தால் பசி கிளரும் என்பதை மிளகு இரசம் காய்ச்சும் எந்தத் தாயும் அறிவாள்; ஆனால் அம்மணம் தொண்டையின் தசைகளையும் விழிப்புறச் செய்யும் என்பது புதிய செய்தியே.

2012ஆம் ஆண்டில் வெளியான பிறிதோர் ஆய்வு, நரம்பு புலப்படாத நோயாளிகளுக்கு ஊசி ஏற்றுமுன் கற்றாழைக் களியில் கலந்த மிளகெண்ணெயைப் பூசியபோது நாளங்கள் முன்னிலும் தெளிவாகத் தெரிந்தன என்று கூறுகின்றது. ஆய்வுகள் இவ்வளவோடு முற்றும் என்பதன்று. ஆயினும் மக்களிடையே சோதித்துக் கண்டவற்றுள் குறிப்பிடத்தக்கவை இவையே. மூட்டுவாதம் தீரும் என்பதற்கோ, கொழுப்புக் கரையும் என்பதற்கோ இத்தரத்தில் ஒரு சான்றும் இல்லை. இதமான எண்ணெயில் சிறிது கலந்து வலித்த இடத்தில் தேய்த்தால் ஓர் ஆறுதல் தோன்றலாம். அதில் தேய்க்கும் கைக்கு ஒரு பங்கும் மணத்துக்கு ஒரு பங்கும் உண்டு. அவ்வாறுதலை வேண்டாமென்று தள்ளவேண்டியதில்லை. அதனை நம்பி வைத்தியரிடம் போவதை ஒத்திப்போடுவதுதான் கேடு.

பயன்படுத்துவோர் மனங்கொள்ள வேண்டியவை சில உள. வடித்த எண்ணெயை ஒருபோதும் குடித்தலாகாது. தோலிற் பூசுவதாயின், நூறு பங்கு தேங்காயெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ ஒன்று அல்லது இரண்டு பங்குக்கு மேற்படாமற் கலத்தல் வேண்டும். குழந்தைகளின் முகத்தருகே கொண்டுசெல்வது தகாது. ஆஸ்துமா உடையோரும் கருவுற்ற தாய்மாரும் வைத்தியரைக் கேளாமல் தொடாதிருத்தல் நன்று. பழையதாகிவிட்ட எண்ணெயால் விளையும் தீங்கை அறிந்தோர் குறைவு. லிமோனீனும் பைனீனும் காற்றும் ஒளியும் பட்டால் நாளடைவில் மாறி, தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களாகின்றன. கருநிறக் குப்பி அழகுக்காக வந்ததன்று. ஆண்டுக்கணக்கில் யன்னலோரத் தட்டில் வெயில் காய்ந்த குப்பியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

மலிவு என்பது தன்னிலேயே ஓர் எச்சரிக்கைதான். நூறு கிலோகிராம் உலர்ந்த மிளகை வடித்தால் இரண்டு அல்லது மூன்று கிலோகிராம் எண்ணெயே கிடைக்கும். ஒரு கிலோகிராம் உலர்ந்த மிளகுக்கு ஏறக்குறைய மூன்று கிலோகிராம் பச்சை மிளகு வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் பத்து மில்லிலீற்றர் குப்பி ஒன்றினுள் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பச்சை மிளகின் மணம் அடங்கியிருக்கின்றது. அத்தனை மிளகின் விலையினும் குறைவாக ஒரு குப்பி கிடைக்குமாயின், அதற்குள் வேறேதோ சேர்ந்துள்ளது என்பது திண்ணம். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு மறுநாள் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். தூய எண்ணெய் பெரும்பாலும் பறந்துபோகும். தேங்காயெண்ணெய் கலந்திருப்பின் பிசுக்கு அகலாது.

அந்த ஒரு கிலோகிராம் பச்சை மிளகு எங்கிருந்து வருகின்றது என்பதைச் சொல்லாது விட்டால் இவ்வரலாறு பாதியில் நின்றுவிடும். இன்று உல்லாசப் பயணிகளின் வாகனங்கள் விரையும் இவ்வடக்கு வழியே, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாக மாத்தளையை அடைந்த வழியாகும். வழியிலே மாண்டோர் பலர். அவர்கள் வந்தது கோப்பிக்காக. 1869ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோயால் கோப்பி அழிந்தது. கொக்கோவும் தேயிலையும் றப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. மிளகோ எக்காலத்திலும் தோட்டத்தின் தலைமைப் பயிராகவில்லை. நிழல்மரத்தில் ஏறி, வீட்டுக் கொல்லையில் ஏறி, பிற பயிர்களுக்கிடையே ஒதுங்கி வாழ்ந்து வந்தது. உக்குவெலையிலும் இரத்தோட்டையிலும் யட்டவத்தையிலும் இன்றும் சிறு குடும்பங்களின் கைச்செலவுக்கு வழிசெய்வது அவ்வாறு ஒதுங்கி வாழும் கொடியே.

சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் செம்மஞ்சளாக மாறும் தறுவாயில் பறிப்பதே உணவு மிளகுக்கு உரிய காலம். பூத்ததிலிருந்து அந்நிலைக்கு ஏழெட்டு மாதங்கள் ஆகும். ஆனால் சிறு விவசாயி பெரும்பாலும் அதுவரை பொறுப்பதில்லை. பொறுத்தால் இரவோடிரவாகக் கள்வர் பறித்துவிடுவர் என்னும் அச்சம் ஒரு பக்கம். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கடைக் கடனும் மறுபக்கம். எனவே காய் முற்றுமுன்னரே ஏணி சாத்தப்படுகின்றது. அவ்வாறு பறித்த மிளகு உலர்ந்தால் சுருங்கி இலேசாகிவிடும். மிளகின் தரத்தை வணிகர் ஒரு லீற்றர் கொள்ளும் அளவின் எடையைக் கொண்டு மதிப்பர். இலேசான மிளகு அவ்வளவையில் தோற்கும், விலையும் இறங்கும்.

இங்கேதான் ஒரு விந்தை உள்ளது. மிளகு மணியில் எண்ணெய் முதலில் நிறைகின்றது. மாப்பொருள் பின்னர் வந்து சேர்கின்றது. நாலரை அல்லது ஐந்து மாதக் காயில் எண்ணெயின் விகிதம் உச்சத்தில் இருக்கும். அதன் பின்னர் மாப்பொருள் பெருகப் பெருக, எடை கூடி எண்ணெயின் விகிதம் குறையும். உணவுக் கடையில் குறையாகக் கருதப்படும் இலேசான மிளகே வாலைக்கு உகந்த மிளகு. இலங்கை மிளகு காரத்திலும் எண்ணெயிலும் செறிந்தது என்பதை நன்கு உணர்ந்தவர்கள் கேரளத்து எண்ணெய், ஒலியோரெசின் தொழிற்சாலையினர். கொச்சியை அடுத்துள்ள ஆலைகள் இலங்கையின் இலேசான மிளகை ஆண்டுதோறும் வாங்கி வடிக்கின்றன. 1998ஆம் ஆண்டு டிசம்பரில் கையெழுத்தாகி 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கைத் தடையற்ற வணிக உடன்படிக்கை இவ்வோட்டத்துக்கு வழியை அகலமாக்கியது. வியட்நாம் மிளகு இலங்கை மிளகென்ற பெயரில் நுழைகின்றது என்னும் குறை இந்திய விவசாயிகளிடையே எழவே, 2017ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அரசு கிலோகிராமுக்கு 500 இந்திய ரூபாய் என மிகக் குறைந்த இறக்குமதி விலையை விதித்தது. ஒரே கொள்வனவாளரை நம்பியிருப்பதன் இடர் அப்போது மாத்தளை வீடுகள்வரை எட்டிற்று.

எண்ணெயை இங்கேயே வடித்தால் என்ன என்று கேட்பது எளிது. வடிப்பது கடினமான கலை அன்று. துருவேறா எஃகுக் கலமும் நல்ல குளிர்குழாயும் விறகும் நீரும் உள்ள இடத்தில் ஒரு சிறு கூட்டுறவுச் சங்கமே அதனைச் செய்யலாம். தடையாக நிற்பன வேறு. வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒவ்வொரு தொகுதிக்கும் பொருட்கூறுகளின் பகுப்பறிக்கை கேட்பர்; ஆண்டு முழுதும் ஒரே தரத்தை எதிர்பார்ப்பர். வடித்தபின் எஞ்சும் சக்கையில் காரம் முழுவதும் தங்கியிருப்பதால், அதனையும் பிரித்தெடுக்க இயலாத சிற்றாலை மிளகின் மதிப்பில் ஒரு பெரும்பகுதியை எருக்குழியில் கொட்ட நேரும். பேராலைகள் எண்ணெயையும் பிசின்சாறையும் ஒருங்கே எடுப்பதனாலேயே அவற்றின் கை ஓங்கியிருக்கின்றது. இதனை உணராது, வாலை ஒன்றை நிறுவினாற் செல்வம் கொழிக்கும் என்று பேசுவது விவசாயிக்குச் செய்யும் உதவியாகாது.

மிளகுக்கான ஆராய்ச்சி மாத்தளையிலேயே நிகழ்கின்றது என்பது ஓர் ஆறுதல். சிறு ஏற்றுமதிப் பயிர்த் திணைக்களம் என 1972ஆம் ஆண்டில் தொடங்கி, 1992ஆம் ஆண்டில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இந்நகரிலேயே உள்ளது. உள்ளூர்க் கொடிகளையும் கேரளத்துப் பன்னியூர் இனத்தையும் கலந்து உருவாக்கிய திங்கி ரால, பூட்டாவே ரால, கொஹுகும்புரே ரால ஆகிய புதிய இனங்களை அத்திணைக்களம் விவசாயிகளுக்கு வழங்கியுள்ளது.

ஆயினும் மாத்தளை மிளகு இன்றும் பெரும்பாலும் முன்போலவே கைமாறுகின்றது. பாயில் நாலைந்து நாள் வெயில் காய்ந்த மிளகைச் சாக்கில் கட்டிக்கொண்டு விவசாயி நகரத்துக் கடைக்கு வருகிறார். கடைக்காரர் சாக்கின் வாயை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையிலிட்டு ஊதிப் பார்க்கிறார்; உமியும் காம்பும் பறக்கின்றன. பின்னர் லீற்றர்ப் பாத்திரத்தில் நிரப்பி, விளிம்போடு வழித்து, தராசில் வைக்கிறார். எடை குறைவு என்கிறார். மிளகு இலேசுதான்; விவசாயி மறுப்பதற்கில்லை. அந்த ஒரு லீற்றர் மிளகில் எவ்வளவு எண்ணெய் இருக்கின்றது என்று அங்கே கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. கடைக்காரரின் விரல்களிலே மாத்திரம் அந்த மணம் நெடுநேரம் தங்கியிருக்கின்றது.